இரண்டு பத்துக்கு வருகிறவன்

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கஜந்தினியின் இடது மணிக்கட்டு குளிர்ந்தது.

அவள் நின்றது மீன் வெட்டும் தொழிற்சாலையில். அங்கே குளிராத பொருள் ஒன்றும் கிடையாது. கத்தி குளிரும், தட்டு குளிரும், இரட்டைக் கையுறைக்குள் விரல் குளிரும். ஆனால் இந்தக் குளிர் வேறு. காப்பு இருந்த இடத்தில் தொடங்கி, நரம்போடு ஏறி, முழங்கையைத் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்து உலுக்கும். அதற்குப் பிறகு இதயம் தன்பாட்டில் ஓடும். நாக்கு உலரும். முன்னால் கிடக்கும் மீன்கள் வெறும் வெள்ளை நிறமாகத் தெரியும்.

எங்கோ ஆரபி பயந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

எங்கோ என்ன எங்கோ, பள்ளிக்கூடத்தில்தான். குன்றுக்கு அந்தப் பக்கம், ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில், ஏழு வயதுப் பிள்ளை. சனி ஞாயிறுகளில் காப்பு குளிர்வதில்லை. பனிப்புயலுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்த செவ்வாய்க்கிழமையும் குளிரவில்லை. மற்ற ஒவ்வொரு நாளும், நண்டுப் பெட்டிகள் ஓடுபாதைக்குப் போய் முடிந்து, தட்டுகளில் கிடக்கும் ஐஸ் துண்டுகள் மெல்ல நடுங்கத் தொடங்குகிற நேரத்துக்கு, தப்பாமல் குளிர்ந்தது. நான்கு நிமிடம். பிறகு யாரோ கையை விட்டதுபோல விட்டுவிடும்.

குளிர் விட்டதும், எதிர்ப்பக்கத்தில் நின்ற தவமணி அக்கா இயந்திர இரைச்சலுக்காகப் போட்டிருந்த தன்னுடைய காது மூடியை ஒரு பக்கம் தூக்கினாள். பிறகு கையை நீட்டிக் கஜந்தினியினுடையதையும் தூக்கினாள்.

"என்னடி, திரும்பவும் காப்போ?"

"ஓம் அக்கா. அதே நேரம்."

"உதைக் கழட்டி எறி. என்ர மூண்டும் காப்பில்லாமல்தான் வளந்ததுகள். ஒண்டு பல்வைத்தியர், ஒண்டு எஞ்சினியர், மற்றது தண்டச்சோறு. காப்புப் போட்டிருந்தால் தண்டச்சோறு எழும்பி வேலைக்குப் போயிருக்குமே?"

கஜந்தினி சிரிக்கவில்லை. காது மூடியைச் சரிசெய்துகொண்டு கத்தியை எடுத்தாள்.

ஸ்கார்வொய் என்ற அந்த ஊர் நோர்வேயின் வடமுனையில், கடலுக்குள் நீட்டிய ஒரு கல்லின்மேல் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர். அதில் ஏழு குடும்பம் தமிழர். மணிக்கட்டில் கட்டும் அந்தச் சாமானுக்கு நோர்வே மொழியில் 'நூல்' என்று பெயர். தமிழர்கள் அதைக் காப்பு என்றார்கள். பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் போடுகிற வளையத்தின் பெயரே வாய்க்கு வந்துவிட்டது.

முதலில் அது படகுகளுக்காகச் செய்யப்பட்டது. கடலுக்குப் போகிறவர்கள் சோடி சோடியாகக் கட்டிக்கொள்வார்கள். காற்று இரையும்போது குரல் கேட்காது, கருவிகளும் சில வேளை ஊமையாகிவிடும். ஆனால் ஒருவனுடைய உடல் பயந்தால் மற்றவனுடைய உடலுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பயத்துக்கு வார்த்தை தேவையில்லை. பத்து வருடத்துக்குள் அது படகிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. விரும்பிய பெற்றோருக்கு நகரசபை இலவசமாகக் கொடுத்தது. ஜனவரி முதல் திங்கட்கிழமை, வரிசையில் முதல் ஆளாக நின்றவள் கஜந்தினி.

அவள் அப்படித்தான். திராட்சையை நான்காக வெட்டித்தான் கொடுப்பாள். மூன்றாம் மாடி வீட்டை விட்டுவிட்டு ஈரமான நிலத்தளத்துக்கு வந்தவள். ஒஸ்லோவில் இருந்த கணவன் பிரிந்து போகும்போது சொன்னது ஒரே ஒரு வசனம்: "உன்னோட இருந்தால் எனக்கு மூச்சு முட்டுது." அவன் போன பிறகு, மூச்சு முட்டாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் ஊர்கள் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டாள். காற்று மட்டும் இருக்கிற இடத்தில் என்ன ஆபத்து வந்துவிடும் என்று நினைத்தாள்.

காப்பின் சின்னத் திரையில் தமிழும் இருந்தது. "பயம் பகிரப்பட வேண்டுமா?" என்று கேட்டது. ஓம் என்பதை அமத்தினாள். மறுபடி அதே கேள்வி வந்தது. முதல் தரம் அமத்தியது படவில்லை என்று நினைத்து, இன்னும் அழுத்தி ஓம் என்றாள்.

பெப்ரவரி இரண்டாம் வாரம் பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இங்குன் என்கிற அலுவலர், ஐம்பது வயதுக்காரி, மேசையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திவைத்திருந்தாள். குளிர்காலத்தில் மதியத்திலும் இருட்டாக இருக்கிற ஊரில் எல்லா மேசையிலும் ஒரு சுடர் எரியும். கோப்பிக் கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"காயா, ஆசிரியையும் கவனித்திருக்கிறார்." கஜா என்று அவர்களுடைய எழுத்தில் எழுதினால் காயா என்றுதான் வாசிப்பார்கள். "தினமும் அந்த நேரத்துக்கு ஆரபி எழுந்து, சப்பாத்து வைக்கிற அறைக்குப் போகிறாள். தொங்குகிற குளிர்ச்சட்டைகளுக்குக் கீழே குந்தியிருக்கிறாள். ஏதோ சொல்கிறாள். தமிழில். ஆசிரியை பதிவு செய்தார்."

அவள் கைப்பேசியைத் தட்டினாள். இரைச்சலுக்கு நடுவே ஆரபியின் குரல் வந்தது. அழுகை இல்லை. யாருக்கோ செய்தி சொல்வதுபோல, தாழ்ந்த குரல்.

"அவன் வாறான்... சுத்துறான்... சுத்துறான்... பதியிறான்."

கஜந்தினி கைப்பேசியின் பக்கம் சாய்ந்தாள்.

"எங்கள் செயலி முதல் இரண்டையும் மொழிபெயர்த்துவிட்டது," என்றாள் இங்குன். "மூன்றாவதுக்கு 'அவன் அச்சிடுகிறான்' என்கிறது. அது சரியாக இருக்காது என்று நினைக்கிறேன்."

"இல்லை. பதியிறது என்றால்..." அவள் நோர்வே மொழியில் சொல் தேடினாள். அந்தச் சொல்லைத் தானும் எப்போதோ எங்கோ கேட்டதுபோல இருந்தது. எங்கே என்று வரவில்லை. "கீழே போவது. தாழ்வாக வருவது. குனிகிறான்."

"ஒருவன் வருகிறான், சுற்றுகிறான், குனிகிறான்."

"ஓம்."

மெழுகுவர்த்தி கொஞ்சம் ஆடியது. இங்குன் மூன்றையும் படிவத்தில் எழுதினாள்.

"அது யார் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?"

தோன்றியது. மூன்று வாரமாக ஒவ்வொரு நாள் காலையும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்று பார்த்தவளுக்குத் தோன்றாமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் ஒட்வார். அறுபதை நெருங்கும் தனி மனிதர். அகலமான மண்வெட்டியோடு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பனி அள்ளுவார். சப்பாத்து அறையின் யன்னல் தாழ்வாக இருக்கும். அதற்கு முன்னால் குனிவார்.

அவள் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.

இங்குன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "யா" என்றாள். வடக்கில் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள், ஏதோ விக்கியதுபோல. பிறகு படிவத்தைத் திருப்பினாள்.

"வழமையான கேள்வி, கேட்டுத்தான் ஆக வேண்டும். பயத்துக்குக் காரணம் பள்ளிக்கூடம் என்றால் பள்ளிக்கூடத்தைச் சரிசெய்வோம். வீடு என்றால் பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு வேறு வீட்டில் வைப்போம். வீட்டில் ஏதாவது?"

"வீட்டில் நானும் அவளும்தான்."

"உங்களுக்கு ஏதாவது பயம்?"

"எனக்கென்ன பயம்?" என்றாள் கஜந்தினி, கொஞ்சம் அவசரமாக.

வியாழக்கிழமை ஒட்வாரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும் வரை என்றார்கள். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் அந்த ஊர் கெட்டிக்கார ஊர். வெள்ளிக்கிழமை கடையில் கஜந்தினி அவரைக் கண்டாள். உருளைக்கிழங்கும் கோப்பித்தூளும் வாங்கிக்கொண்டு நின்றார். காசு வாங்குகிற பெண் எல்லாரிடமும் காற்றைப் பற்றிக் கேட்பவள். அவரிடம் கேட்கவில்லை. பின்னால் நின்ற இரண்டு தாய்மார் தங்கள் வண்டிலை அரை அடி பின்னுக்கு இழுத்தார்கள். அவசரத்தில் கஜந்தினியின் கையுறை ஒன்று நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். அவள் கையில் கொடுக்காமல், சாமான் நகரும் பட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று இரண்டு பத்துக்கும் காப்பு குளிர்ந்திருந்தது. ஒரு நாளில் பயம் போய்விடுமா, அவர் இல்லை என்று பிள்ளைக்கு இன்னும் தெரியாதாக்கும், என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். சனி, ஞாயிறு அமைதி. பனியில் இருவரும் உருண்டார்கள். ஆரபி கன்னம் சிவக்கச் சிரித்தாள்.

திங்கட்கிழமை, ஐஸ் துண்டுகள் நடுங்கின. குளிர் முழங்கையைத் தாண்டியது. கத்தி அவள் கையிலிருந்து விழுந்தது.

ஒட்வார் வீட்டில் இருக்கிறார். அப்படியானால் சுத்துகிறவன் யார்?

மறுநாள் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, ஒன்றேமுக்காலுக்கே பள்ளிக்கூடத்தின் பின்புறம் போனாள். சூரியன் திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளிச்சம் நீலமாக, பால் கலந்ததுபோல இருந்தது. யாரும் அள்ளாததால் பனி யன்னல் மட்டத்துக்கு ஏறியிருந்தது. அவள் அதற்குப் பின்னால் நின்றுகொண்டாள். அங்கிருந்து வகுப்பும் தெரியும், சப்பாத்து அறையும் தெரியும். மூன்றடுக்குக் கண்ணாடி போட்ட யன்னல்கள், உள்ளே நடப்பது ஊமைப்படம்போல இருந்தது.

ஆரபி மேசையில் இருந்தாள். எதையோ நிறந்தீட்டிக்கொண்டிருந்தாள். நாக்கின் நுனி வெளியே தெரிந்தது. அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. வெளியே ஒருவரும் இல்லை. பனியில் கஜந்தினியின் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை.

இரண்டு எட்டு. இரண்டு ஒன்பது.

காப்பு குளிரவில்லை. அதற்கு முன்னமே அவளுடைய முழங்கால் மடிந்துவிட்டது.

என்ன நடக்கிறது என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பனி முகத்துக்கு மிகக் கிட்ட இருந்தது. இரண்டு கைகளும் காதைப் பொத்தியிருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது, உள்ளே பனி போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் காது அதைக் கேட்டது. கடலுக்கு மேலே, தூரத்தில், ஒரு வண்டின் இரைச்சல். அது ஓடுபாதையைத் தேடி ஒரு வட்டம் அடித்தது. பிறகு தாழ்ந்தது. தெற்கிலிருந்து கடிதமும் மருந்தும் கொண்டுவந்து, நண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் சின்ன விமானம். வார நாட்களில் இரண்டு பத்துக்கு வரும். தொழிற்சாலையின் கூரைக்கு மேலால்தான் தாழ்ந்து போய் இறங்கும். காது மூடிக்குள் அவளுக்கு அது ஒரு நாளும் கேட்டதில்லை.

அவளுக்கு மட்டும்தான் கேட்டதில்லை. அவளுடைய உடம்புக்கு ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறது.

எட்டு வயதில், வன்னியில், குண்டு போட வருகிற விமானத்தை யாரும் விமானம் என்று சொன்னதில்லை. அவன் என்றுதான் சொல்வார்கள். அவன் வாறான். சுத்துறான். மூக்கைக் கீழே குத்திக்கொண்டு தாழும்போது, பதியிறான். அந்த மாதங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அவளும் அதை நம்பியிருந்தாள். இப்போது வாய்க்குள் பனி கரையும்போது அம்மாவின் குரல் வந்தது. "பதியிறான், படு, படு பிள்ளை, வாயைத் திற." வாய் திறந்திருந்தால் குண்டு வெடிக்கும்போது காது கிழியாது. அம்மா அவளுக்கு மேலே படுத்தாள். அம்மாவின் நெஞ்சு அவளுடைய முதுகில் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிக்கவில்லை.

தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு அப்பால், குளிர்ச்சட்டைகளுக்குக் கீழே, ஆரபி குந்தியிருந்தாள். இரண்டு கையும் காதில். வாய் அகலத் திறந்தபடி. கண்ணாடியில் தெரிவது தன்னுடைய நிழலா பிள்ளையா என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை.

நான்கு நிமிடம். ஆரபி எழுந்தாள், காற்சட்டையைத் தட்டினாள், வெளியே பார்த்தாள். சின்னக் கதவைத் திறந்துகொண்டு காலுறையோடு பனிக்குள் வந்தாள்.

"அம்மா, நீங்கள் ஏன் பனிக்குள்ள படுத்துக்கிடக்கிறியள்?"

வீட்டுக்குப் போகும் வழியில் அவளைச் சறுக்கு வண்டிலில் வைத்து இழுத்துக்கொண்டு போனாள். தேவாலயத்தைத் தாண்டினார்கள். கயிறு மட்டும் கிறீச்சிட்டது.

"உதுக்குள்ள குந்தியிருந்து என்ன செய்யிறனி?" என்று திரும்பிப் பாராமல் கேட்டாள்.

"பங்கருக்க இருக்கிறனான்." வன்னியில் பதுங்குகுழிக்குப் பங்கர் என்றுதான் பெயர்.

"பங்கர் எண்டு ஆர் உனக்குச் சொல்லித்தந்தது?"

"நீங்கள்தான்."

"நான் ஒருநாளும் சொல்லேல்லை."

"நித்திரையில சொல்லுவியள். அவன் வாறான், பங்கருக்க ஓடு எண்டுவியள். பதியிறான், படு படு எண்டுவியள். நான் படுத்துத்தானே இருக்கிறன் எண்டு சொன்னாலும் கேக்கமாட்டியள்."

கயிறு நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

"உனக்குப் பிளேன் எண்டால் பயமோ?"

"இல்லையே. பிளேனில ஜூஸ் தருவினம்."

"அப்ப ஏன் பிள்ளை பயப்பிடுறாய்?"

"நான் பயப்பிடேல்லை. பயம் வரும். அது உங்கடை." ஆரபி தன்னுடைய காப்பைக் கையுறைக்கு மேலால் தடவினாள். "என்ரை பயம் சின்னன், வயித்துக்குள்ள இருக்கும். உங்கடை கையால வரும்."

இரண்டு தரம் கேட்ட அந்தக் கேள்வி கஜந்தினிக்கு ஞாபகம் வந்தது. பயம் பகிரப்பட வேண்டுமா? முதல் ஓம் பிள்ளையிடமிருந்து தாய்க்கு. இரண்டாவது ஓம், தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஆறு வாரமாக, ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம், தன் பிள்ளையைத் துரத்திக்கொண்டு திரிந்தது தான்தான். அங்கே போன பயம் பிள்ளையின் நெஞ்சைப் பிடித்துவிட்டு, பிள்ளையின் பெயரோடு அவளிடமே திரும்பி வந்திருக்கிறது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் கழட்டிப்போடுவியள்," என்றாள் ஆரபி. "பிறகு நீங்கள் தனியத்தானே பயப்பிடோணும்."

சிறிது தூரம் போன பிறகு பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது. "அம்மா, ஒட்வார் ஏன் இப்ப வாறேல்லை? நான் பங்கருக்க இருக்கேக்க யன்னல்ல தட்டிப் பெருவிரலைக் காட்டுவார். நானும் காட்டுவன். முடிஞ்சுது, ஓக்கே எண்டு."

புதன்கிழமை, உடுப்பு மாற்றும் அறையில் தவமணி அக்கா அவளை அலுமாரிகளுக்கு நடுவே மறித்துக்கொண்டு நின்றாள். முழுவதையும் கேட்டாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கியது.

"எனக்கும் உவன் இறங்கேக்க காலுக்குள்ள ஒரு மாதிரித்தான் இருக்கும். முப்பத்தைஞ்சு வருசம். ஆருக்குச் சொன்னனான்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ வாயைப் பொத்து. காப்பு பழுதாப் போச்செண்டு திருப்பிக் குடு. ரண்டு கிழமையில எல்லாம் அடங்கியிடும்."

"அந்த மனுசன், அக்கா?"

"அவனுக்கென்ன, வெள்ளைக்காரன். வேற வேலை எடுப்பான். உனக்கு வேற பிள்ளை எடுக்க ஏலுமே?" கஜந்தினியின் தோளைப் பிடித்து ஒரு தரம் உலுக்கினாள். "வீடுதான் காரணம் எண்டு நீயே போய்ச் சொல்லப்போறியோ? சொன்னால் தூக்கிக்கொண்டு போவாங்கள். வடிவா யோசி."

யோசித்தாள். அன்று முழுவதும், மறுநாள் முழுவதும் யோசித்தாள். காப்பை இருவரும் கழற்றி அலுமாரித் தட்டில் வைத்திருந்தார்கள், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தவமணி அக்கா சொன்னதில் பிழை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கால்கள் அவளைத் துறைமுகத்துக்கு மேலே இருந்த மஞ்சள் வீட்டுக்குக் கொண்டுபோயின.

ஒட்வார் கதவைத் திறந்தார். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு இருந்தது. அவளைப் பார்த்தார். விலகி வழிவிட்டார்.

குசினியில் ஒரே ஒரு கதிரைதான் பாவனையில் இருந்தது. மற்றதில் பழைய பத்திரிகைகள். அவற்றை எடுத்துக் கீழே வைத்தார். கோப்பி ஊற்றினார். அவள் தன்னுடைய உடைந்த நோர்வே மொழியில் தொடக்கத்திலிருந்து சொன்னாள். அவன் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னாள். பதியிறான் என்பதைத் தான் எப்படி மொழிபெயர்த்தாள் என்று சொன்னாள். அவர் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தார். அவள் சொல்லி முடித்ததும், உரித்ததைச் சட்டிக்குள் போட்டார். சுவரிலிருந்த சூடாக்கி டிக் என்றது.

"அது இருவழி என்று உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"படகுக்குச் செய்தது. ஒருவழி என்றால் படகில் என்ன பிரயோசனம்?"

அவர் சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு. வெயில் படாத தோல்.

"நானும் தம்பி ரெய்டாரும் கட்டியிருந்தோம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், கரையில் நின்றுவிட்டேன். இந்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவனுடைய பயம் நாற்பது நிமிடம் வந்தது." கத்தியை வைத்தார். "பிறகு நின்றது. வந்துகொண்டிருந்தது பரவாயில்லை. நின்றதுதான்."

கஜந்தினியின் முதுகு, தோள்பட்டைகளுக்கு நடுவே, சிலிர்த்தது. அவர் சொல்வது என்னவென்று விளங்குகிற ஆள் அந்த ஊரில் தான் ஒருத்திதான் என்று நினைத்தாள்.

"நீங்கள் ஏன் அவர்களிடம் சொல்லவில்லை? காப்பைப் பற்றி?"

"என்னிடம் கேட்டது வேறு கேள்விகள்."

வெளியே கடற்பறவை ஒன்று கத்தியது. கோப்பி ஆறிவிட்டது.

"திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்குப் போகிறேன்," என்றாள்.

"பிள்ளையை எடுப்பார்கள்."

"தெரியும்."

"கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொல்வார்கள்."

"தெரியும்."

அவர் மூச்சை உள்ளே இழுத்து, "யா" என்றார். நன்றி என்று சொல்லவில்லை. வாசல் வரை வந்து, படியில் வழுக்கும் இடத்தைக் காலால் காட்டினார்.

இங்குன் கடுமையானவள் இல்லை. திங்கட்கிழமை மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து வந்து, அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். வேலைக்குத் திரும்பச் சொல்லி ஒட்வாருக்கு அன்றைக்கே கடிதம் போனது. பிறகு படிவத்தை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் வீடு என்று எழுதினாள். எட்டு வாரம், வார நாட்களில் மட்டும், பக்கத்து ஊரில் நல்ல குடும்பம், சனி ஞாயிறு உங்களோடு, நீங்களும் ஒரு மருத்துவரிடம் பேச வேண்டும், தினம் ஒரு தரம் தொலைபேசலாம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். கஜந்தினி காப்புகள் இரண்டையும் மேசையில் வைத்தாள்.

மார்ச் முதல் திங்கட்கிழமை ஆரபி போனாள். தன்னுடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். காரில் ஏறுவதற்கு முன் கேட்டாள், "அம்மா, கை வெறுமையா இருக்கோ?"

"பழகியிடும் பிள்ளை."

அன்று தொழிற்சாலையில் இரண்டு மணி ஆனதும் கஜந்தினி மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஓய்வறைக்குப் போனாள். காது மூடியைக் கழற்றி மடியில் வைத்தாள். ஒரு தரமாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். வண்டு வந்தது. சுற்றியது. கூரை அதிர்ந்தது. எப்போது மேசைக்குக் கீழே போனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கு நிமிடம் அந்தப் பயம் அவளைவிட்டு எங்கும் போகவில்லை. போக வழியில்லாமல் அவளுக்குள்ளேயே சுற்றியது. முடிந்து எழும்பும்போது நெற்றி மேசையில் இடித்தது. வேறு ஒரு நினைப்பு அப்போதுதான் வந்தது. இனி ஆரபி பயந்தால் தனக்குத் தெரியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஐந்து மணிக்கு வீட்டில், பிள்ளையின் கட்டிலில் உட்கார்ந்து தொலைபேசி எடுத்தாள். புது வீட்டில் நாய் இருக்கிறது என்றாள் ஆரபி. சோறு இல்லை, ஆனால் மீன் உருண்டை நல்லது என்றாள். மறுபக்கத்தில் நாயின் நகம் மரத்தரையில் நடப்பது கேட்டது.

"பயமா இருக்கோ, பிள்ளை?"

"இல்லை," என்றாள் ஆரபி. கஜந்தினி சொல்வதுபோலவே, கொஞ்சம் அவசரமாக. பிறகு, "இண்டைக்கு அவன் வந்தவனோ?" என்று கேட்டாள்.

"வந்தவன்."

"எங்க இருந்தனீங்கள்?"

"மேசைக்குக் கீழ."

"வாயைத் திறந்து வச்சிருந்தனீங்களோ?"

"ஓம்."

"நல்லது. நானும் வடிவாத் திறந்து வச்சிருந்தனான். இஞ்ச உடுப்பு அலுமாரி பெரிசு, உள்ளுக்கயே இருக்கலாம்."

கஜந்தினி தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"உன்னட்டத்தான் இப்ப காப்பு இல்லையே, பிள்ளை."

"காப்பு இல்லாட்டி என்ன?" என்றாள் ஆரபி. "மணிக்கூடு இருக்குத்தானே, அம்மா."